பொட்டலில் ஒரு போலி ஊர்

மேசை விளக்கைச் சன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை.

மூன்று வருடமாக இந்த நகரத்தை இருட்டாக்குவதுதான் என் வேலை. விமானத் தாக்குதல் சங்கு ஊதியதும் மின் நிலையத்தில் வட்டாரம் வட்டாரமாக விசையை இறக்குவேன். கடைசித் தெருவும் அணைந்த பிறகு, பத்து மைல் தள்ளியிருக்கும் பொட்டலுக்குப் போன் போட்டு, "அணைச்சாச்சு" என்பேன். அங்கே தட்டியும் தகரமுமாக ஒரு போலி ஊர் இருக்கிறது. என் போன் வந்தால்தான் அங்கே விளக்குப் போடலாம். முந்திக்கொண்டு போட்டால் இரண்டு ஊர் தெரியும், குட்டு உடைந்துவிடும். அந்த விளக்குகள் சரியாக மூடாத சன்னல்கள் போல மங்கலாக எரியும். மேலே வருகிறவன் ஏமாந்து குண்டைக் கொட்டிவிட்டுப் போவான்.

அதற்குப் பொறுப்பு என் தங்கை வீட்டுக்காரர். கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன். பொட்டலில் நாற்பத்தொரு குழி விழுந்ததும் பதக்கம் கொடுத்தார்கள். அம்மா அதைத் துடைத்துத் துடைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். எனக்குச் சோறு போடும்போதும் மாப்பிள்ளை புராணம்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளையே சொன்னார்: "உங்க வேலையில ஒரு கஷ்டம் மச்சான். எத்தனை வீட்டைக் காப்பாத்துனீங்கன்னு காட்ட முடியாது. எனக்குக் குழி இருக்கு."

தங்கை சிரித்தாள். "நான் தினம் அடுப்பை அணைக்கிறேன். எனக்கு யாரு பதக்கம் குத்துனா?"

நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரே யோசனை. என் இருட்டு தனியாகவே இந்த ஊரைக் காப்பாற்றும். அவருடைய விளக்கு தேவையே இல்லை. ஒரே ஒரு தடவை நிரூபித்தால் போதும்.

பௌர்ணமியன்று சங்கு ஊதியது. நிலவு இருப்பது தெரியும். நிலவில் சாதித்தால்தானே பேச்சு. எல்லா விசையையும் இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பொட்டலிலிருந்து இரண்டு தடவை போன் அடித்தது. எடுக்கவில்லை. மாப்பிள்ளை உத்தரவைத் தாண்டாத மனிதர். பொட்டல் இருண்டே கிடந்தது.

ஊரை ஒட்டி ஓடும் ஆறு நிலவில் பளபளவென்று கிடந்து, மேலே வந்தவனுக்கு வழி காட்டியிருக்கிறது. ஆற்றங்கரையில் மூன்று தெரு போயிற்று. முந்நூற்றுப் பதினேழு பேர். தங்கையும் அதில் சேர்த்திதான்.

காலையில் இடிபாட்டின் மேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கேட்டார்: "மச்சான், போன் வரலையே?"

லைன் அறுந்துவிட்டது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

விசாரணைக்கு வந்த உங்கள் ஆட்கள் சோதித்தது சரி. லைன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் கூப்பிடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: முதல் குண்டு விழும்வரை என் ஊரில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. ஆற்றை அணைக்க யாரும் எனக்கு விசை கொடுக்கவில்லை.