குண்டு விழும் ஊருக்குத் திரும்பியவன்

"ஜப்பான்காரன் நீ எந்தத் தெருன்னு கேட்டுட்டா குண்டு போடப் போறான், அக்கா?"

திண்டிவனம் ஸ்டேஷனில் இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நின்றுவிட்டேன். குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த சமயம். நானும் குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டு, ஒரே ஒரு குடையோடு தப்பி வந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். குண்டுக்குக் குடை தாங்குமா என்று எனக்கு வழியெல்லாம் தோன்றவே இல்லை.

பேசியவன் நெற்றியில் கட்டுப் போட்ட இளைஞன். பட்டணத்து ரயிலுக்காக நின்றான். அவன் சட்டையைப் பிடித்திருந்த அக்கா விடவில்லை.

"போன வாரந்தானேடா உயிருக்குப் பயந்துக்கினு ஓடியாந்த?"

"ஓடியாந்த பயத்துல கால்ல செருப்பு இருக்கறதே மறந்துபோச்சு. அப்படியே ஊர்த்தெருவுல நடந்துட்டேன்."

"தெருமுனையில கழட்டிக் கையில எடுத்துக்கினு வந்திருந்தா அடிச்சிருப்பானுங்களா?"

"பட்டணத்துல ட்ராம்ல ஒரு பெரியவரு தினம் என் பக்கத்துல குந்துவாரு. பேரு கூடத் தெரியாது. மல்லாட்டைப் பொட்டலத்தப் பிரிச்சி நீட்டுவாரு. நான் கைவுட்ட பொட்டலத்துலயே அவரும் கைவுட்டுத் துன்னுவாரு."

"நீ யாருன்னு அவருக்குத் தெரிஞ்சா?"

அவன் சட்டையிலிருந்து அக்காவின் கையை மெல்ல விலக்கினான்.

"தெரியற வரைக்கும் துன்னுட்டுப் போறேன், அக்கா."

ரயில் வந்தது. பெட்டியில் அவனைத் தவிர ஏற ஆளில்லை.

நான் குடையை விரித்துக்கொண்டு, காலில் செருப்போடு, ஊர்த்தெரு வழியாகப் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தேன்.