நீலப் பெயிண்ட்

க்யிம்யிண்டைங் படகுத்துறையில் டிக்கெட்டுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவளின் காலடியில் பெரிய சாமான் மூட்டை.

“பெயிண்ட் அடிச்சதாலதான் எங்க வீடு போச்சு,” என்றாள் அவள்.

“பெயிண்ட் அடிச்சா வீடு போகுமாக்கா?” என்றாள் இளையவள்.

“ஒரு ஜெர்மன் சயா, படிச்ச பெரியவரு, வந்தாரு. முதல்ல அவங்க ஊர்ல கட்டடம் கட்டுனவராம். அப்புறம் பழைய மாதா கோயிலு, மாளிகையெல்லாம் இடிஞ்சு போகாம காப்பாத்துற வேலை. இப்ப வயசாகி பேப்பருக்கு எழுதுறாராம். அவர் எழுதுன வீட்டை இடிக்க மாட்டாங்கன்னு எங்க லத்தா பேட்டையில பேசிக்கிட்டாங்க.”

“உங்க வீட்டுக்கும் வந்தாரா?”

“வர்றாருன்னு தெரிஞ்சதும், வீடு உறுதியாத் தெரியணுமேன்னு பூப்போட்ட பழைய தரையில சிமெண்ட் பூசினோம். மாடிப்படிக் கைப்பிடிக்குக்கூட நீலப் பெயிண்ட் அடிச்சோம்.”

“பாத்துட்டு என்ன சொன்னாரு?”

“படியிலயே உக்காந்துட்டாரு. அப்புறம் சாவியால கைப்பிடியைச் சுரண்டுனாரு. ரெண்டு விரல் அகலத்துக்கு உள்ள இருந்த தேக்கு தெரிஞ்சுது. அதைத் தடவிப் பாத்துட்டுப் போயிட்டாரு.”

“எழுதினாரா?”

“எங்க வீட்டைப் பத்தி ஒரு வரி இல்லையாம்.”

வரிசை நகர்ந்தது. அவள் மூட்டையைக் காலால் முன்னே தள்ளினாள்.

“நேத்து இடிக்க வந்துட்டாங்க. சுரண்டுன இடத்துல தேக்கைப் பாத்ததும் கைப்பிடியைத்தான் முதல்ல கழட்டினாங்க. நாங்க எல்லாரும் இன்னும் மாடியிலதான் இருந்தோம்.”