ஒரு முழம் தொய்வு

பேரம் பேசாமல் வாங்குகிறவன் கடைக்காரனை அவமதிக்கிறான் என்பது என் அப்பாவின் கட்சி. தாராவியில் தோல் பைக் கடை வைத்திருந்தார். சொன்ன விலைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்து, "இவன் நம்மள மனுசனாவே நெனைக்கலடே" என்பார். நான் அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன்.

மாரிக்கண்ணன் என் கூட்டாளி. ஞாயிறுதோறும் இன்னும் சிலரோடு சயானில் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து மும்ப்ரா மலைக்குப் போவோம். அவன் பாறை ஏறுவான். நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில். மறுபக்கம் பாறையில் அடித்த வளையங்கள் வழியே இறங்கி, என் இடுப்பில் மாட்டிய கவ்விக்குள் நுழைந்து, என் வலக்கைக்கு வரும். அவன் விழுந்தால் அந்தக் கை இறுக்கும். அவன் அந்தரத்தில் தொங்குவான். வலக்கை மட்டும் கயிற்றை விடவே கூடாது.

ஏறும்முன் "பிடிச்சிட்டியா?" என்று கேட்பது வழக்கம். முதல் வருஷம் கேட்டான். பிறகு நிறுத்திவிட்டான். ஏன் என்றேன்.

"நீ நிக்கும்போது நான் எதுக்குல கீழ பாக்கணும்? டென்ஷன் நை லேனேகா, கவலையே படக்கூடாதுல."

மற்றவர்களுக்கு அது நட்பாகத் தெரியும். சட்டையை மாட்டுகிறவன் ஆணியிடம் கேட்டுவிட்டா மாட்டுகிறான்?

அடுத்த ஞாயிறு கயிற்றில் ஒரு முழம் கூடுதலாகத் தொய்வு விட்டேன். "இழுல" என்பான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரம் இரண்டு முழம். பிறகு மூன்று. அவன் தலையைத் திருப்பவே இல்லை. ஒரு சொல் வந்தால் போதும் என்றுதான் காத்திருந்தேன். என் பொறுமையில் யாரும் குறை காண முடியாது.

ஆறாவது ஞாயிறு, இரண்டு மாடி உயரத்தில் அவனுக்குக் கால் வழுக்கியது. கயிறு பிடித்தவன் தடுமாறிவிட்டான் என்று கூட வந்தவர்கள் முடிவு செய்தார்கள். தடுமாறவில்லை. இறுக்க நேரம் இருந்தது. அவன் விழுவதைப் பார்த்துக்கொண்டே வலக்கையை எடுத்தேன்.

கழுத்துக்குக் கீழே இப்போது அவனுக்கு அசைவில்லை. தப்பு தன்னுடையது என்றே எல்லாரிடமும் சொல்கிறான். வடாலாவில் அவன் அக்கா விஜயராணி வீட்டில் கிடக்கிறான். அவள் வேலைக்குப் போனதும் நான்தான் துணை. "நீ இல்லன்னா எங்க தம்பி என்னாவான் நயினாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவனுக்குத் தூக்க மாத்திரை தினம் ஒன்று. நேற்று இரண்டை நீட்டினேன். கண்ணெதிரே, எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நேரம் கொடுத்தேன். வாயைத் திறந்து இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

இன்று மூன்று. இன்றாவது கேட்பான். கேட்டுவிட்டால் போதும், நான் நிறுத்திவிடுவேன்.