மணிப்பெட்டி

பேசிப் பிழைக்கிறவனுக்குத் தொண்டைதான் முதல். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்ததும் வெந்நீர் கேட்டேன், ஐயா. முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள். பச்சைத் தண்ணீர் எனக்கு ஆகாது, குரல் கரகரத்துவிடும். இனி எவ்வளவு கேட்டாலும் ஆற அமரச் சொல்கிறேன். வக்கீல் வேண்டாம். அவர் குறுக்கே பேசுவார், எனக்கு அது பிடிக்காது.

எங்கள் இடத்தை அன்று நீங்கள் அவசரமாகப் பார்த்தீர்கள். ஊரில் அதைச் சாவு மியூசியம் என்பார்கள். எல்லாம் என் மாமனார் சேர்த்த சரக்கு. மனுஷனுக்கு உயிரோடு இருக்கிற யாரையும் பிடிக்காது, செத்தவர்களின் சாமான் என்றால் எத்தனை தூரமானாலும் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். முன் அறையில் ஒரு பல்செட்டு இருக்கிறதே, அது போர்க்களத்தில் விழுந்தவர்களின் வாயிலிருந்து பிடுங்கிய பற்களால் செய்தது. பக்கத்தில், யாரோ ஒருவர் செத்துப்போன தன் மனைவியின் கூந்தலைப் பின்னிச் செய்த சங்கிலி. அடுத்த அறையில் செத்தவர்கள் முகத்தில் அச்செடுத்த பிளாஸ்டர் மூஞ்சிகள். எல்லா மூஞ்சியும் கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்கிற மாதிரி அலுத்துப்போய் இருக்கும். அப்புறம் ஒரு மரத்தட்டு. பிணத்தின் மார்பில் ரொட்டியை வைத்து, ஒரு ஏழையைக் கூப்பிட்டுத் தின்னச் சொல்வார்களாம். செத்தவரின் பாவமெல்லாம் அவன் வயிற்றுக்குள் போய்விடுமாம். பசி எடுத்தவன் அதில் உப்புக் குறைவு என்று கூடச் சொல்லியிருக்க மாட்டான் என்பேன். அந்த இடத்தில் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் எப்போதும் சிரிக்கும்.

கடைசி அறையில்தான் மணிப்பெட்டி. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று ஜனங்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது, ஐயா. அதற்காகச் சவப்பெட்டி மூடியில் ஒரு குழாய், குழாய்க்குள் கயிறு, கயிற்றின் மேல்முனையில் மணி. உள்ளே விழித்துக்கொண்டவர் இழுத்தால் வெளியே கேட்கும்.

மாமனார் போன பிறகு மச்சான் முதலாளி ஆனார். என் மனைவியின் அண்ணன். எனக்குப் பேச்சு, அவருக்குப் பிணம், அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வெள்ளை அங்கி மாட்டி, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு பெட்டிக்குள் படுத்துவிடுவார். கூட்டம் சுற்றி நிற்கும், நான் பேசுவேன், உள்ளேயிருந்து மணி அடிப்பார். கூட்டம் அலறிவிட்டுச் சிரிக்கும். பாதிப் பேச்சில் ஒரு அம்மாள் மூடியைத் தூக்கிப் பார்த்து மயங்கி விழுந்ததிலிருந்து மூடிக்கு வெளியே கொக்கி போட்டோம். அது மச்சானின் யோசனை. இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

அவருக்கு ஆஸ்துமா. பிணத்தின் அங்கிக்கு எதற்குப் பை என்று தைக்கும்போதே விட்டுவிட்டோம். அதனால் அவருடைய இன்ஹேலரைத் தலையணைக்கடியில் வைப்பது என் பொறுப்பு. என் மனைவி டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு காட்சிக்கும் கேட்பாள், நான் தலையாட்டுவேன்.

மச்சான் நல்ல மனிதர். எங்களுக்குள் சண்டை என்று யாராவது சொல்லியிருந்தால் அது வாய்க்கு வந்த பேச்சு. ஒரே ஒரு குறை. என் கதை முடிகிற இடத்தில் மணி அடித்துவிடுவார்.

அது ஒரு காவலாளியின் கதை. பிணங்களை உடனே புதைக்காமல் ஒரு கூடத்தில் கிடத்தி, விரலில் கயிறு கட்டி, மணியோடு இணைத்துக் காத்திருந்த ஊர்கள் உண்டு. அதுவரை நிஜம். காவலாளி என் சொந்தச் சரக்கு. பிணம் உப்பும், அசையும், மணி அடிக்கும். முதலில் ஒவ்வொரு மணிக்கும் அவன் விழுந்தடித்து ஓடுகிறான். போகப்போகப் பழகிவிடுகிறது. ஒருநாள் ஒரு மணி விடாமல் அடிக்கிறது. அவன் குடித்துக்கொண்டிருந்ததைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, மெதுவாக எழுந்து போகிறான். இங்கே நான் நிறுத்துவேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த மௌனத்தை உருவாக்க எனக்கு வருஷக்கணக்காயிற்று, ஐயா. சரியாக அங்கேதான் மச்சான் டிங் டிங் என்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். என் கடைசி வரி யார் காதிலும் விழாது. இத்தனை வருஷத்தில் ஒருதடவை கூட விழுந்ததில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

அதையும் பொறுத்துப் போனேன். போன மாதம், சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்:

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. இப்ப யாருக்கு நின்னு கேக்கப் பொறுமை இருக்கு? காதுல ஒரு ஹெட்போன மாட்டிவிட்டா, அவங்கபாட்டுக்குக் கேட்டுட்டுப் போயிடுவாங்க."

"அப்ப நான்?"

"நீங்க வாசல்ல டிக்கெட் கிழிங்க. தொண்டைக்கும் ரெஸ்ட்."

என் பேச்சு முழுவதையும் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். போட்டுக் காட்டினார். காவலாளி கதையும் இருந்தது. நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தாமல் மணியை அடித்து, தானே சிரித்தும் வைத்திருந்தார். கடைசி வரியே இல்லை. அது எதுக்கு மாப்ள, யாரும் அதைக் கேட்டதே இல்லையே என்றார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது, மச்சானாயிற்றே.

அந்த வாரம் பெட்டியில் முதுகு வலிக்கிறது, மெத்தையை மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். பரணில் மாமனாரின் பழைய மெத்தை கிடந்தது. தட்டினால் அறையே தும்மும். அந்தப் பஞ்சைத்தான் அடைத்தேன். பழைய பெட்டிக்குப் பழைய பஞ்சு, பொருத்தமாகத்தானே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். மச்சான் படுத்ததும் தும்மினார். என்ன மாப்ள வாசனை என்றார். புது மெத்தை என்றேன். ஜன்னலிலிருந்து என் மனைவி கேட்டாள்: "அண்ணனுக்கு மருந்து வெச்சாச்சா?"

"வெச்சாச்சு" என்றேன். பொய் இல்லை. என் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

மூடினேன், கொக்கியை மாட்டினேன், பேச ஆரம்பித்தேன். மணி வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடித்தது. சிரித்தார்கள். மறுபடி அடித்தது. அப்புறம் விடாமல் அடித்தது. மூடியை உள்ளேயிருந்து தட்டினார். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார், அந்த வீடியோதான் உங்களிடம் இருக்கிறது. நான் கூட்டத்துக்கு விளக்கினேன்: மணி அடிப்பதாலேயே உயிர் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பிணங்கள் இப்படித்தான் தொந்தரவு செய்யும். என் மனைவி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, அண்ணன் இன்று குஷியாக இருக்கிறார் என்று சிரித்துவிட்டுப் போனாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மணியை எல்லாரும்தான் கேட்டார்கள்.

வழக்கமாக விட்டுவிடுகிற பகுதிகளையும் அன்று சொன்னேன். காவலாளியின் மனைவி, அவன் செருப்பு, அவனுடைய மூட்டு வலி. ஒன்றையும் விடவில்லை. அவன் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, எழுந்து போனான். நிறுத்தினேன்.

மணி அடிக்கவில்லை.

அந்த அமைதியை நீங்கள் நேரில் கேட்டிருக்க வேண்டும், ஐயா. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வேண்டிய மட்டும் நின்றேன். பிறகு கடைசி வரியைச் சொன்னேன்: "தொட்டுப் பார்த்தான். உடம்பு இன்னும் சூடாக இருந்தது."

கொக்கியைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். மச்சான் வாயைத் திறந்தபடி கிடந்தார், கயிறு விரலில் இறுகச் சுற்றியிருந்தது. பவுடருக்கு அடியில் உதடு நீலமாகியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் குனிந்து வணங்கினேன். அப்புறம் மச்சானைத் தொட்டுப் பார்த்தேன். கதையில் வருகிற மாதிரியே இருந்தது.

முன்வரிசையில் நின்ற ஒரு டீச்சரம்மாதான் முதலில் கைதட்டுவதை நிறுத்தினார். சத்தம் கேட்டு என் மனைவி ஓடி வந்தாள். அண்ணனின் கன்னத்தைத் தட்டினாள், தலையணைக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டையை எடுத்தேன், இன்ஹேலரும் கூடவே வந்து தரையில் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி எடுத்து, என்னைப் பார்த்தாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆக, ஆமாம், நான்தான் செய்தேன். பஞ்சு நான் அடைத்தது, மருந்து நான் எடுத்தது, கொக்கி நான் மாட்டியது. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். மூடி திறந்த பிறகுதான் கைதட்டினார்கள், செத்தவரின் நடிப்பு என்று நினைத்துத் தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அன்றைய கூட்டம் கொஞ்சம் மந்தம், ஐயா. என் கடைசி வரி அவர்களுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.