பேர் எழுதாத படிவம்

— பேர் எழுதற இடம் காலியா இருக்கே சகலை?

— அது கடைசியில எழுதிக்கலாம் அண்ணா. மூணாவது வரியைப் பாருங்க. எந்தச் சரக்கோட புழக்கம்னு டாக்டர் கேட்டிருக்கார். சாயத் தொட்டி கலக்கற நான் சொன்னா செல்லாதாம். லேப்காரர் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்.

— டொலுயிடின். எழுதிட்டேன், போதுமா?

— டிரம்முல ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்து எழுதறீங்க.

— வேற எதை எழுதச் சொல்றே?

— உள்ள இருந்ததை.

— முதல்ல உக்காரு. ஒண்ணுக்குல ரத்தம் வந்தா கல்லாக்கூட இருக்கும். நல்லா தண்ணி குடிச்சா...

— மூணு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தோம். குடிச்சாச்சு.

— சரி, வேற டாக்டர்கிட்ட...

— போன ஞாயித்துக்கிழமை லேப் சாவி என்கிட்ட இருந்துச்சு.

— உனக்கெதுக்கு லேப் சாவி?

— ஐஸ் பெட்டி கழுவ. அப்படியே டிரம்முல ஒரு சிட்டிகை எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டேன். கரைஞ்சுது.

— டொலுயிடின் அமீன் வகை, அமிலத்துல கரையத்தான் செய்யும். உப்பா மாறிடும். இதைக் கண்டுபிடிக்கவா ஞாயித்துக்கிழமை வந்தே?

— அதுல ரெண்டு சொட்டு கந்தக அமிலம் விட்டேன். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வெளுத்து, அடியில போய் உக்காந்துடுச்சு. டொலுயிடின் அப்படி உக்காராது அண்ணா. பென்சிடின்தான் உக்காரும். மூத்திரப்பையை அரிக்குதுன்னு தடை பண்ணின சரக்கு.

— வாளியில ஐஸ் சுமக்கறவன் எனக்குப் பாடம் எடுக்கறியா?

— பதினோரு வருஷம் சுமந்தேன். அஞ்சு டிகிரிக்கு மேல ஏறினா சாயத்துக்கான டயசோ கரைசல் நுரைச்சுக் கெட்டுடும்னு, தொட்டியைச் சுத்திச் சுத்தி ஓடினேன். சாயம் கெட்டா நீங்க என்ன கத்து கத்துவீங்க...

— எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? லேபிளைப் பார்த்து நானும் ஏமாந்தவன்தான். ஒரே வீட்ல பொண்ணெடுத்தவன்... என்னையே சந்தேகப்படறியா?

— அப்போ உங்க லேப் கோட்டை ஏன் அண்ணி தொடக்கூடாது?

— என்ன?

— வேலை முடிஞ்சா இங்கேயே கழட்டி, நீங்களே அலசிப் போட்டு, தலைக்கும் ஊத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்க. 'எங்க வீட்டுக்காரர் என்னைத் துணி துவைக்க விட மாட்டார்'னு அண்ணிக்கு வாயெல்லாம் பெருமை. அதைக் கேட்டுட்டு வந்து என் பொண்டாட்டி என்னைக் குத்திக் காட்டுவா. அந்த மனுஷன் கால் தூசிக்கு வருவியான்னு. சொல்லுங்க அண்ணா.

— தடைக்கு அப்புறம் மலிவா கிடைச்சுதுன்னு முதலாளி வாங்கிக் குவிச்சார். லேபிள் நான்தான் ஒட்டினேன். நான் ஒட்டலைன்னா இன்னொருத்தன் ஒட்டியிருப்பான்.

— என்கிட்ட ஒரு வார்த்தை...

— சொன்னா மறுநாளே நின்னுடுவே. தொட்டிக்கு யார் வருவா? அப்படிப் பார்க்காதே. பேனாவைக் கொடு. டொலுயிடினை அடிச்சுட்டு பென்சிடின்னு எழுதறேன். வேலை போனா போகட்டும். உன் உடம்புதான் முக்கியம்.

— என் உடம்புக்கு ஒண்ணுமில்லை. நேத்து எல்லா சோதனையும் பண்ணிட்டாங்க. சுத்தமா இருக்காம்.

— பின்ன... இது யாருக்கு?

— உங்க கொழுந்தியா பேரை எழுதுங்க அண்ணா. என் சட்டையெல்லாம் அவதானே கையால துவைச்சா.