நாய்க்குச் சோறு வைக்கிற சீலை

வள்ளியக்கா, நீ கண்ணை மூடின நாளிலிருந்து உன் நாய் சோற்றைத் தொடவில்லை.

நேற்று மோகனூர்ப் பரிசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்கூட்டுக்காரரு இந்நேரம் எஞ் சீலையக் கட்டிக்கிட்டு நாய்க்குச் சோறு வெப்பாருங்க்கா,” என்றாள் இளையவள்.

“மீசை வெச்ச மனுசனுக்குச் சீலையா?”

“பின்னென்னங்க்கா? அந்த வாசம் இருந்தாத்தான் திங்குது. தெனமும் கம்மஞ்சோத்துல மோரு ஊத்திப் பெசஞ்சு வெக்கோணும். தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே குந்தியிருக்கோணும். ஒரு கண்ணாலம் காச்சிக்குப் போவ முடியறதில்ல.”

“புள்ளயா இருந்தா இந்நேரம் அதுவே பெசஞ்சு தின்னுருக்கும்!”

வீட்டுக்கு வந்ததும், துவைக்க மனமில்லாமல் வைத்திருந்த உன் சீலையைக் கட்டிக்கொண்டு சோறு வைத்தேன். நாய் சீலையை மோந்து பார்த்தது. அப்புறம் தின்றது. முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் சாமி கும்பிடும்போது எங்கள் வள்ளியக்கா பேரையும் சொல்லுங்கள்.