அரசலாறு எழுத்துரு வெளிவந்த விதம்

சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடிக்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும். வாங்கிக் கொடுத்ததற்கு நன்றிங்க ஐயா. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நானும் புகழேந்தியும் கணினிக்குத் தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள். கம்பெனியெல்லாம் இல்லை, சுரக்குடியில் என் வீட்டு மாடியில் இரண்டு மேசை, இரண்டு கணினி. அவன் எழுத்தை வரைவான். வரைந்தது எல்லாத் திரையிலும் ஒழுங்காகத் தெரியும்படி செய்வது என் வேலை. எங்கள் எழுத்துருவுக்கு அரசலாறு என்று பெயர் வைத்தோம். ஆறு மாதத்தில் முடிப்பதாகப் பேச்சு. ஏழு வருடம் ஆயிற்று.

முடியவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் முடிந்தது. மாட்டுப் பொங்கலன்று மறுபடி திறப்பான்.

“ழ இன்னும் உக்காரலடா மணி.”

“நாற்காலி வேணா போடட்டுமா?”

சிரிக்கமாட்டான். வாலில் ஒரு மயிரிழை குறைப்பான். வால் குறைந்தால் பக்கத்து எழுத்தோடு இடைவெளி மாறும். அது மாறினால் அத்தனை எழுத்தையும் நான் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். இப்படி நாற்பத்தொரு தடவை. அதற்குள் என் சித்தப்பா மகன் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளை பெற்று, ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான். நாங்கள் செய்த ஓர் எழுத்தைக்கூட வெளியில் ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்று வருடம் முன்பு அவனுக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். காலையும் மாலையும் சொட்டு மருந்து. விட்டுப்போனால் பார்வை போகும், போனது திரும்பாது. அவன் மனைவி வினோதா நெடுங்காட்டில் டீச்சர். அவன் பகலெல்லாம் என் வீட்டில் கிடப்பதால் மருந்தை என்னிடம்தான் கொடுத்தது.

“அவருக்கு எழுத்தத் தவிர ஒண்ணும் ஞாபகம் இருக்காதுண்ணே. நீங்களே விட்டுடுங்க.”

விட்டேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும்.

டாக்டர் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் தங்கிவிட்டது. இந்த நோயில் வலி இருக்காது, பார்வை ஓரத்திலிருந்து குறையும், பலருக்குத் தெரியவே தெரியாது. ஒரே எழுத்தைப் பெரிதாக்கித் திரை நடுவில் வைத்துப் பார்க்கிறவனுக்கு ஓரம் எதற்கு? ஒருநாள், “இந்த மானிட்டர் ஓரமெல்லாம் மங்குதுடா, மாத்தணும்” என்றான். மாற்றிக் கொடுத்தேன். புதுச்சேரிக்குப் போய்க் கண்ணைக் காட்டும் தேதி வந்தபோதெல்லாம், “இந்தக் கொம்பு முடியட்டும்” என்று அவனேதான் தள்ளிப்போட்டான். நான் வற்புறுத்தவில்லை.

போன ஆடியில் ஒருநாள், “லைட்டப் போடுடா மணி” என்றான். மத்தியானம் பன்னிரண்டு மணி, நல்ல வெயில்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு, “நீயே பாத்து முடிச்சுடு. உன் கண்ண நம்பறேன்” என்றான். ஒரே வாரத்தில் அரசலாறு வெளிவந்தது.

வினோதா மருந்துப் புட்டியைப் பரிசோதனைக்குக் கொடுத்ததாம், வெறும் தண்ணீர் என்று வந்ததாம். சரிதான். இரண்டு வருடமாகத் தண்ணீர்தான். கொதிக்கவைத்து ஆறவைத்தது, சுத்தத்தில் நான் குறை வைக்கவில்லை.

அவனைக் கேட்காமலே வெளியிட்டிருக்கலாமே என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கோப்பு என் கணினியில்தான் இருந்தது, ஒரு பொத்தான் அழுத்துகிற வேலை. யோசிக்காமல் இல்லை. ஆனால் கூட்டாளிக்குத் தெரியாமல் அப்படியொரு துரோகம் செய்ய எனக்கு மனசு வரலீங்க.